பெரிய ஆயாவுக்கு நூறு வயது: ஓட்டேரியில் ஆறு நாள்

27 நவம்பர் 2024, புதன்: பெரம்பூர், ஓட்டேரி

விடியற்காலை ஐந்தரைக்குப் பெரம்பூரில் இறங்கினேன். தூறல். வங்கக் கடலில் புயல் சின்னம் என்று ரயிலிலேயே எல்லார் போனிலும் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் ஓட்டேரிக்கு 150 கேட்டார். சந்தின் பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார். "இட்லிக்கார ஆயா வூட்டுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "எங்க நைனா அந்தம்மா இட்லி துன்னுதான் மில்லுக்குப் போவாரு" என்று சொல்லிவிட்டு, இறங்கும்போது நூறு ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார்.

பெரிய ஆயா என் அம்மாவைப் பெற்ற ஆயாவின் அக்கா. ஆயா கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்துவிட்டார், பெரிய ஆயா பிறந்த இடத்திலேயே இருந்துவிட்டார். என் ஆயா இறந்து இருபது வருஷமாகிறது. அவரிடம் நான் எதையும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு. பெரிய ஆயாவுக்கு இந்தக் கார்த்திகையோடு நூறு முடிகிறது, ஞாயிற்றுக்கிழமை விருந்து என்று பெரியம்மா போன் செய்ததும், பள்ளிக்கூடத்தில் நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பையில் ஒரு நோட்டு. அதில் வருஷங்களை வரிசையாக எழுதி வைத்திருந்தேன், ஒவ்வொன்றிலும் அவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று கேட்க.

வாசல்படியில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். சின்ன உருவம். இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காதுப் பக்கம் உட்கார்ந்து பேச வேண்டும். என் மணிக்கட்டைப் பிடித்து எலும்பைத் தடவிப் பார்த்தார். "எந்தங்கச்சி கை மாதிரியே கீது" என்றார். பிறகு, "நாஷ்டா துன்னியா?"

பெரியம்மாவின் மருமகளான அண்ணி இட்லியும் வடகறியும் வைத்தாள். அதற்காகவே இந்த ஊருக்கு வரலாம். கடலைப் பருப்பை அரைத்து வேகவைத்து, உதிர்த்துப்போட்டுச் செய்தது, பட்டையும் சோம்பும் தூக்கலாக. பெரிய ஆயா அரை இட்லி சாப்பிட்டுவிட்டு, "மாவு நேத்து புளிக்கல, குளிரு" என்று சொன்னார். அண்ணி தலையாட்டினாள்.

சாப்பிட்டதும் பெரியம்மா விஷயத்துக்கு வந்தாள். பெரியப்பா, அதாவது பெரிய ஆயாவின் மாப்பிள்ளை, போய்ச் சேர்ந்த பிறகு வீட்டு வரவு செலவெல்லாம் அவள் கையில். தாத்தா பெரம்பூர் லோகோ ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். 1976இல் ரிட்டையர், 1991இல் காலமானார். அதிலிருந்து ஆயாவுக்குக் குடும்ப பென்ஷன். மத்திய அரசு பென்ஷனில் ஒரு விதி இருக்கிறது. 80 வயதானால் கூடுதலாக 20 சதவீதம், 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, நூறு நிறைந்தால் அடிப்படைத் தொகையோடு இன்னொரு மடங்கு. ஆயாவுக்குக் குறைந்தபட்ச அடிப்படையான 9,000 ரூபாய்தான். அகவிலைப்படி 53 சதவீதத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இப்போது வருவதற்கும் வரவேண்டியதற்கும் மாதம் எட்டாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். மருந்துச் செலவுக்கு அது பெரிய தொகை.

ஆனால் ஆதாரில் ஆயா பிறந்த தேதி 1931 ஜனவரி 1. ஆறு வருஷத்துக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. "கார்டு எட்துக்கினு இருந்த புள்ள என் மூஞ்சிய பாத்துட்டு எய்திச்சு" என்றார் ஆயா.

அப்படியானால் நூறு என்று எப்படித் தெரியும்? கேட்டேன். சட்டென்று பதில் வந்தது.

"மில்லுல சுட்டாங்க இல்ல, அந்த மாசம் எங்கண்ணன் பொறந்தான். அவனுக்கு மூணு வயசு முடிஞ்ச கார்த்திகைல நான்."

நோட்டைத் திறக்காமலே எனக்குத் தெரிந்த தேதி அது. 1921 ஆகஸ்ட் 29. பக்கிங்ஹாம் கர்னாடிக் மில், ஊர் வாயில் பின்னி மில். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைமையில் பிறந்தது இந்த மில் ஆட்களால்தான், திரு.வி.க.வும் கூட நின்றார். 1921 ஜூனில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் வரை இழுத்தது. வேலைக்குப் போனவர்கள், போகாதவர்கள் என்று பிரிந்து, அது சாதிச் சண்டையாகிப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டு கடைசியில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர் ஆயாவின் அப்பா. என் கொள்ளுத்தாத்தாவும் அவர்தான். நான்கு மாதம் சம்பளம் இல்லாத வீட்டில், தெருவில் தீ எரிகிற மாதத்தில், அண்ணன் பிறந்திருக்கிறார். அதை அவருடைய அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அதனால் அண்ணன் வயது யாருக்கும் மறக்கவில்லை. அண்ணன் வயதைப் பிடித்துக்கொண்டு தங்கையின் வயது.

1921ஓடு மூன்று. கார்த்திகை 1924. கணக்கு சரியாக வருகிறது. ஆனால் எந்தக் கவுன்டரில் இதை ஏற்பார்கள்?

28 நவம்பர், வியாழன்: வங்கி, அப்புறம் பீச்

பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் ஆயுள் சான்று கொடுக்க நவம்பர் 30 கடைசி. 80 தாண்டியவர்கள் அக்டோபரிலிருந்தே கொடுக்கலாம். இவர்கள் இரண்டு தடவை போய்த் திரும்பியிருக்கிறார்கள். காரணம் விரல். ஆயாவின் விரல் ரேகை இயந்திரத்தில் விழுவதில்லை.

பெரியம்மா மகனான அண்ணனின் ஆட்டோவிலேயே அழைத்துப் போனோம். மழை விட்டுவிட்டுப் பெய்தது. வங்கியில் கூட்டம், பாதிப்பேர் ஊன்றுகோலோடு. ஆயா வந்ததும் எழுந்து நாற்காலி கொடுத்தவருக்கே எண்பது இருக்கும். கவுன்டரில் இருந்த இளைஞர் பெருவிரலை வைக்கச் சொன்னார். சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், சிவப்பு. துணியால் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி, பத்து விரலும் பார்த்தாகிவிட்டது.

அப்போதுதான் அந்த விரல்களை நான் பக்கத்தில் பார்த்தேன். நுனிகள் வழவழவென்று பளபளத்தன, தேய்ந்த காலணா போல. நாற்பது வருஷம் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து குண்டானிலிருந்து இட்லித் துணியைச் சுடச்சுட உரித்த விரல்கள். தண்ணீர் தெளித்து உரித்தாலும் ஆவி விடாதாம். மில் கேட்டில் முதல் சங்கு ஊதும் முன் நாலு ஈடு இட்லி எடுத்திருக்க வேண்டும்.

"முகம் வச்சு எடுத்துடலாம் சார்" என்று அண்ணன் மகள் தன் போனை எடுத்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், இந்த வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான் ஆகப் போகிறாள். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டினாலே போதும், கண்ணைச் சிமிட்டச் சொல்லும். ஆயா சிமிட்டவில்லை. "யாரு பாக்கறாங்க இதுல?" என்று கேட்டார். "கெவர்மெண்ட்டு, ஆயா." உடனே முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தார். இரண்டாம் தடவையில் பச்சை வந்தது.

வயது விஷயத்தையும் கேட்டோம். மேலதிகாரி ஒருவர், "பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஏதாவது பழைய அரசு ஆவணம் கொண்டு வாங்க" என்றார். ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. "எப்ப பொறந்தீங்கம்மா?" என்று அவர் ஒரு பேச்சுக்குக் கேட்டார். மில்லுல சுட்டதுக்கு மூணு வருஷம் கழித்து என்று ஆயா சொன்னார், காது கேட்காதவர்கள் பேசுகிற சத்தமான குரலில். ஹால் முழுவதும் கேட்டது. அதிகாரிக்குப் புரியவில்லை. நாற்காலி கொடுத்த பெரியவர் மட்டும் பக்கத்தில் வந்தார். "எங்க தாத்தா அந்த ஸ்டிரைக்குல ஜெயிலுக்குப் போனவரு" என்றார். பிறகு ஆயாவின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் டோக்கன் எண் அதற்குள் தாண்டிப் போய்விட்டது, மறுபடி வரிசையில் நின்றார்.

சாயங்காலம் மழை ஓய்ந்த நேரத்தில் அண்ணன் மகள் என்னை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிட அழைத்துப் போனாள். 70 ரூபாய். மஞ்சள் நூடுல்ஸில் கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப், அது இலவசம். பர்மாவில் 1960களில் கடைகளை அரசுடைமை ஆக்கியபோது கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. இரவு ஆயாவிடம் சொன்னேன். "அதுக்கு முன்னாடியே வந்தாங்க. ரங்கூன்லேர்ந்து நடந்தே வந்தாங்க. எங்க சந்துலயே ஒரு பொம்பள. காலு ரெண்டும் வெடிச்சு இருந்திச்சு" என்றார். 1942 அது. ஜப்பான் ரங்கூனைப் பிடித்தபோது காடும் மலையுமாக நடந்து வந்தவர்கள். அந்த அம்மாவுக்கு ஆயாவின் அம்மா ஒரு மாதம் இட்லி கொடுத்தாராம், காசு வாங்காமல்.

29 நவம்பர், வெள்ளி: காசிமேடு, ராயபுரம்

மீன் வாங்கிவர அண்ணனோடு காசிமேட்டுக்குப் போனேன். கடலுக்குப் போகக்கூடாது என்று எச்சரிக்கை, படகுகள் எல்லாம் கட்டிக்கிடந்தன. ஐஸ் மீன்தான் கொஞ்சம். வஞ்சிரம் கிலோ 1,200 சொன்னார்கள். ஒரு பெண் எங்களைப் பார்த்து, "இது நாலு நாள் மீனு, வாங்காத, கருவாடு வாங்கிக்கினு போ" என்றாள். தன் கடை மீனையே வாங்காதே என்று சொல்கிறவளை நான் இங்கேதான் பார்க்கிறேன். நெத்திலிக் கருவாடு கால் கிலோ வாங்கினோம்.

வரும் வழியில் ராயபுரம் ஸ்டேஷன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் போனது. தூண்கள் வைத்த அந்த முகப்பு இன்னும் நிற்கிறது. பத்து நிமிஷம் நின்று பார்த்தேன், எனக்கும் ஒரு பூனைக்கும் தவிர ஆள் இல்லை.

நான் போக நினைத்த இடம் ராபின்சன் பூங்கா, இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் அண்ணா தி.மு.க.வைத் தொடங்கி வைத்த இடம். எத்தனை மேடையில் கேட்டிருக்கிறோம் அந்தக் "கொட்டும் மழை"யை. வெள்ளிக்கிழமையும் மழை பிடித்துக்கொண்டது, மரத்தடியில் ஒதுங்கி நின்றேன். அங்கே பெஞ்சில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள், சீட்டை மட்டும் கீழே வைக்கவில்லை.

இதை வீட்டில் வந்து சொன்னதும் ஆயா எழுந்து உட்கார்ந்தார். அன்று தாத்தாவும் ஆயாவின் அண்ணனும் போயிருக்கிறார்கள். ராத்திரி வெகுநேரம் கழித்துத் தொப்பலாக நனைந்து வந்தார்கள். "ரெண்டு பேரும் மய நின்னா மாதிரியே பேசிக்கினு வந்தாங்க. துவட்டக்கூட இல்ல. அடுப்புல வெறகு ஈரம். வேட்டிய காய வெக்க எடமில்ல. மூணு நாளு தும்மல்." மேடையில் யார் என்ன பேசினார்கள் என்பதை அவர்கள் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். ஆயாவிடம் இருப்பது ஈர விறகின் புகை.

அதிலிருந்து நான் நோட்டில் இருக்கிற வருஷத்தைச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டேன். அவரே சொல்லட்டும் என்று இருந்தேன். இட்லி விலையில் தொடங்கினார். அதிலேயே எல்லாம் வந்தது.

கல்யாணமான புதிதில் காலணாவுக்கு ஒன்று. அம்மாவுக்குக் கூடமாட இருந்து பழகியது. சண்டைக் காலத்தில் அரிசி ரேஷன், உளுந்து கிடைக்காது, கேழ்வரகு மாவு கலந்தார்கள். 1947 ஆகஸ்டில் மில்லுக்கு லீவு விட்டுவிட்டார்கள், அது ஆயாவுக்கு முன்கூட்டித் தெரியாது, ஆட்டி வைத்த மாவு முழுவதும் மிச்சம். சந்தில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் இட்லி ஊற்றிக் கொடுத்துவிட்டார். "சொதந்திர இட்லின்னு கத்திக்கினு துன்னுச்சுங்க" என்றார். காந்தி செத்த அன்று யாரும் அடுப்பு மூட்டவில்லை. அடுத்த இரண்டு நாளும் இட்லி போகவில்லை, ஆட்கள் வந்தார்கள், சாப்பிடவில்லை.

அப்புறம் 1957. இதை நான் எந்தப் புத்தகத்திலும் இப்படிப் படித்ததில்லை. அந்த ஏப்ரலில் நயா பைசா வந்தது. அதுவரை ஒரு அணாவுக்கு இரண்டு இட்லி. ஒரு அணா என்றால் ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. மாற்று அட்டவணையில் ஒரு அணாவுக்கு ஆறு பைசா. வாங்குகிறவன் ஆறைத்தான் வைப்பான். நாலணாவாக மொத்தமாகக் கொடுத்தால் 25 பைசா, நஷ்டமில்லை. தனித்தனியாக நாலு பேர் அணா அணாவாகக் கொடுத்தால் 24தான் கிடைக்கும். "ஒரு நாளைக்கு நூறு பேரு வருவான். கால் கால் பைசாவா நாலணா போச்சு எனக்கு" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர் சொல்லும் கணக்கு இது. நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன். நூறு கால் பைசா, 25 பைசா, நாலணா. அறுபத்தேழு வருஷம் முன்னால் போன காசு, இன்னும் நினைவில் வைத்திருக்கிறார். பிறகு ஆயா ஒரு யோசனை செய்திருக்கிறார். கையில் காசு வாங்காமல் சுவரில் கரியால் கோடு போட்டு, வாரக் கூலி நாளில் மொத்தமாக வாங்கினார். நஷ்டம் நின்றது.

இரவு கேழ்வரகுக் கூழும் வறுத்த நெத்திலியும். பெரிய ஆயா ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளி எடுத்து எனக்கு வைத்தார். காற்று பலமாக இருந்தது.

30 நவம்பர், சனி: வீட்டுக்குள்

ஃபெஞ்சல் புயல். விடியும்போதே மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. எட்டு மணிக்கு மின்சாரம் போனது. மதியம் விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள் என்று செய்தி. நாளைய விருந்துக்குப் பிடித்த மண்டபத்தின் வாசலில் முழங்கால் தண்ணீர் என்று அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். முன்பணம் மூவாயிரம் திருப்பித் தர மாட்டார்கள்.

பத்து மணிக்குச் சந்தில் தண்ணீர் ஏறியது. ஆயா கட்டிலில் படுத்தபடியே கேட்டார், "எந்தப் பக்கமேர்ந்து வருது?" ரோட்டுப் பக்கமிருந்து என்றோம். "அப்ப பயமில்ல, வடிஞ்சிடும்." பன்னிரண்டு மணிக்கு மறுபடி கேட்டார். இப்போது பின்பக்கம், ஓட்டேரி நாலா பக்கமிருந்து. நாலா என்பது அந்தப் பகுதியின் பெரிய கால்வாய். "அரிசியத் தூக்கு. டிரங்குப் பெட்டியத் தூக்கு" என்றார். அண்ணனும் நானும் கட்டிலுக்குக் கீழே இருந்த பழைய டிரங்குப் பெட்டியை இழுத்துப் பரணில் ஏற்றினோம். அரை மணி நேரத்தில் வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தோம். ஆயா கட்டில் மேல், நாங்கள் அவரைச் சுற்றி, ஒரு மெழுகுவர்த்தி. மண்ணெண்ணெய் வாடையும் சாக்கடை வாடையும்.

கதவுச் சட்டத்தில் கத்தியால் கீறிய கோடுகள் இருந்தன, 1976, 1985, 2005, 2015 என்று. தாத்தா தொடங்கி வைத்த பழக்கம். 2015 கோடு என் முழங்காலுக்கு மேல். இன்று அந்த உயரத்துக்கு வராது என்று ஆயா சொன்னார்.

"இதுக்குலாம் கோடு கீது. பெரிய வெள்ளத்துக்குத்தான் கோடு இல்ல" என்றார். "அப்ப இந்த வூடு இல்ல, குடிச."

1943 அக்டோபர் வெள்ளம் என்று எனக்குப் புரிந்தது. பல நாள் விடாமல் பெய்து கூவமும் அடையாறும் ஊருக்குள் புகுந்த மழை. அதே அக்டோபர் 11 இரவுதான் ஜப்பான் விமானம் ஒன்று துறைமுகத்துப் பக்கம் குண்டு போட்டது. சென்னைமேல் விழுந்த ஜப்பான் குண்டு. என் நோட்டில் அதற்கு இரண்டு கோடு அடித்து வைத்திருந்தேன். அவர் சொல்லட்டும் என்ற தீர்மானத்தை மீறி, நானே கேட்டுவிட்டேன். குண்டுச் சத்தம் கேட்டதா ஆயா?

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு வருஷம் பின்னால் போய் ஆரம்பித்தார்.

1942 ஏப்ரல். கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா எல்லா இடத்திலும் குண்டு, அடுத்தது மதராஸ் என்று ஊரே காலி செய்தது. மூர் மார்க்கெட் பின்னால் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று சிங்கம், புலியையெல்லாம் சுட்டுக் கொன்றார்கள். கல்யாணமான புதிதில் தாத்தா கூட்டிப் போய்க் காட்டிய சிங்கம். "அதுக்கு இன்னா தெரியும் சண்ட?" என்று கேட்டார். ஆயா ஏழு மாதக் கர்ப்பம். மாட்டு வண்டி வாடகை நாலு மடங்கு. பொன்னேரிப் பக்கம் தாத்தாவின் ஊருக்குப் போனார். தாத்தா வரவில்லை, ரயில்வேக்காரர்களுக்கு லீவு இல்லை. அங்கே ஆனியில் பெண் குழந்தை. பயம் தெளிந்து தையில் திரும்பி வந்தார்கள்.

அடுத்த புரட்டாசி வெள்ளத்தில் குடிசைச் சுவர் விழுந்தது. மில் பக்கத்துத் திண்ணையில் இருபது குடும்பம். குழந்தைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி இல்லை, வழியெல்லாம் தண்ணீர். மூன்றாம் நாள் ராத்திரி.

"அன்னிக்குத்தான் குண்டு போட்டாங்கன்னு அப்பால சொன்னாங்க. எனக்குக் காதுல விழல கண்ணு. அப்ப ரெண்டு காதும் நல்லாத்தான் இருந்துச்சு."

ஓட்டேரிச் சுடுகாட்டில் குழி எடுத்தால் தண்ணீர் ஊறியதாம். ஒரு நாள் முழுக்க மடியில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் மேடான இடம் பார்த்து ஆயாவின் அண்ணன்தான் தூக்கிப் போனார், ஒரு பலகையில். பெண்கள் போகக்கூடாது. இடம் எதுவென்று ஆயாவுக்கு இன்றுவரை தெரியாது. அண்ணனுக்குத் தெரியும், அவர் 1983இல் இறந்துவிட்டார்.

பெரியம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. தனக்கு மூத்த பிள்ளைகள் மூன்று பேர் என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். இப்படி ஓர் அக்கா இருந்தது இன்றுதான் தெரியும். எழுந்து போய்ப் பால் காய்ச்சினாள். தண்ணீரில் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் நோட்டை மூடி வைத்தேன்.

1 டிசம்பர், ஞாயிறு: விருந்து

ராத்திரியே புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறிவிட்டது. விடியும்போது தண்ணீர் வடிந்து, வீடெல்லாம் சேறு. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். சந்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பாய், தலையணை, பாடப் புத்தகம்.

விருந்தைச் சந்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அக்கம்பக்கத்தார் முடிவு செய்தார்கள். யார் வீட்டிலும் சமைக்க முடியாத நிலை, ஆனாலும் பெரிய ஆயாவுக்கு நூறு. மீன்பாடி வண்டியில் நாற்காலிகள் வந்தன. மூன்றாம் வீட்டு பாய் ஓர் அண்டா குஸ்காவும் தாளிச்சாவும் செய்து இறக்கினார், காசு பேச்சையே எடுக்க விடவில்லை. ஆயாவுக்குப் பிடித்தது என்று யாரோ பஞ்சுமிட்டாய் வாங்கி வந்தார்கள். அறுபது பேர் வரிசையில் வந்து காலில் விழுந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஆயா "நல்லாரு, துன்னுட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

மூன்று மணிக்குப் பரணிலிருந்து பொருட்களை இறக்கினோம். டிரங்குப் பெட்டியின் அடிப்பக்கம் நனைந்திருந்தது, பரணில் ஏற்றும் முன்பே தண்ணீர் பட்டிருக்கிறது. காயப்போடலாம் என்று திறந்தோம். தாத்தாவின் காக்கிச் சட்டை, ரயில்வே பாஸ் புத்தகம், ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை அட்டை, அடியில் ரப்பர் பேண்டு போட்ட காகிதக் கட்டு. ரப்பர் பேண்டு தொட்டதும் உதிர்ந்தது. காகிதங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவசரப்படாதே என்று அண்ணி சொல்லி, இட்லிக் குண்டான் மூடியைக் கொஞ்சம் சூடாக்கிக் கவிழ்த்து, அதன் மேல் இட்லித் துணி விரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்தினாள்.

ஐந்தாவதோ ஆறாவதோ காகிதம். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த படிவம், மையால் நிரப்பியது. 1964 ஜனவரி முதல் குடும்ப பென்ஷன் திட்டம் வந்தபோது ஒவ்வொருவரிடமும் குடும்ப விவரம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதன் நகல் இது. தேதி 9 டிசம்பர் 1964. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதற்கு இரண்டு வாரம் முன்பு. கீழே தாத்தாவின் கையெழுத்து தமிழில், பக்கத்தில் அலுவலக முத்திரை. முதல் வரியில் மனைவி பெயர். அதற்கு நேரே, வயது 40.

அண்ணன் மகள் சத்தமாகக் கணக்குப் போட்டாள். 64இல் நாற்பது கழித்தால் 24. அவள் கத்தியதில் வெளியே இருந்தவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அண்ணன் அந்தக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கவே பயந்தார். பெரியம்மா அழுதாள்.

ஆயாவிடம் வலது காதில் சொன்னோம். "நாந்தான் சொன்னேனே" என்றார். பிறகு, "மீதியப் படி."

அண்ணன் மகள் படித்தாள். பிள்ளைகளின் பெயரும் வயதும், ஒவ்வொன்றாக. மூத்தவர் 19, கடைசி 7. நாலாவது பெரியம்மா, 14. ஆறு பெயர். அதில் மூன்று பேர் இன்று இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஆயா விரலை மடக்கினார். அவள் படித்து முடித்த பிறகும் ஒரு விரலை நீட்டியபடி காத்திருந்தார்.

"அவ்ளோதான் ஆயா. ஆறு."

"ஏழு" என்றார்.

2 டிசம்பர், திங்கள்: வங்கி, சேலம் ரயில்

காலையில் ஜெராக்ஸ் கடை திறக்கும்வரை காத்திருந்து மூன்று நகல் எடுத்தோம், நகல் இரண்டு ரூபாய். வங்கியில் அதே மேலதிகாரி. காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், முத்திரையை வெளிச்சத்தில் பிடித்தார். "இதை நான் முடிவு செய்ய முடியாது. ரயில்வே கணக்குப் பிரிவுக்கு அனுப்பி வைக்கிறேன், அவங்க ஒத்துக்கிட்டாதான்" என்றார். எத்தனை நாளாகும் என்று அவருக்கும் தெரியவில்லை. மனுவை வாங்கிக்கொண்டு முத்திரை குத்தி ஒரு சீட்டு கொடுத்தார். நாலு நாள் முன்பு பேசியதைவிட மெதுவாகப் பேசினார், பெரியம்மாவை உட்காரச் சொன்னார்.

இரண்டாம் நகல் கோப்புக்கு. மூன்றாவதை ஆயா தன்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். மதியம் நான் கிளம்பும்போது அண்ணன் மகள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நகலில் முதல் பிள்ளையின் வரிக்கு மேல் இருந்த சின்ன இடைவெளியில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள். ஆயா பெயரைச் சொன்னார். எழுத்து அடங்கவில்லை, அழித்துவிட்டுச் சின்னதாக எழுதினாள்.

"வயசு இன்னா போடறது ஆயா?"

"ஒரு வருஷம் நாலு மாசம்" என்றார். "நாலு மாசத்த உட்டுடாத."

கார்த்திகை தீபத்துக்கு அண்ணி பொரி உருண்டை பிடிக்கப் போகிறாளாம். எனக்கு முன்கூட்டியே நாலு பிடித்து டப்பாவில் கொடுத்தாள். பெரம்பூரில் ரயில் ஒரு மணி நேரம் தாமதம், தண்டவாளத்தில் இன்னும் தண்ணீர். நடைமேடையில் நின்றபடி ஒன்றைத் தின்றேன். வெல்லப்பாகு பதம் சரியாக இருந்தது.